பெரிய தலைமைப் பொறுப்பு வரும்போது 'எனக்குத் தகுதி இல்லை' என்று ஏன் தோன்றுகிறது?

ஏற்கும் பொறுப்பின் அளவுக்குத் தம் திறமை போதாது என்று ஒருவருக்கு எழும் எண்ணமே இது. நம் குறைகளை உள்ளிருந்து முழுமையாகக் காணும் நாம், பிறரிடம் வெளித்தோற்றத்தை மட்டுமே பார்க்கிறோம். அதோடு, நம் முடிவுகளின் விளைவைப் பலர் சுமக்க நேரும் என்பதையும் மனம் உணர்ந்துவிடுகிறது. இந்த இரண்டாவது காரணம், என் பார்வையில், மிகவும் மதிக்கத்தக்கது. பச்சிளங்குழந்தையை முதன்முறை ஏந்துபவரின் கை நடுங்குவது அக்கறையால்தான். அந்த நடுக்கமே பிடியைக் கவனமாக்குகிறது. 1789-இல் அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன், ஆட்சிப் பணியில் தமக்குப் பயிற்சி இல்லை என்பதைப் பதவியேற்பு உரையிலேயே கூறினார். பின்னர், ஒருவரோடொருவர் கடுமையாக முரண்பட்ட நிதி அமைச்சர் ஹாமில்டன், வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் இருவரையும் அமைச்சரவையில் வைத்து ஆலோசனை கேட்டார். பணிவுள்ளவர் பொறுப்பை மறுத்துவிட வேண்டும் என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். தம் குறையை அறிந்து, தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டே பொறுப்பை ஏற்பதும் பணிவுதான்.