கருவி மாறினால் எண்ணும் மாறும்

கேள்வி: எனக்கு 41 வயது. ஆறு வருடமாக வீசிங். காலை, இரவு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறேன். ஜூனில் ஒரு மருத்துவமனையில் ஊதச் சொல்லி ‘ஃபீனோ’ பார்த்தார்கள், 46. ஆகஸ்டில் ஒரு கிளினிக்கில் வேறு மெஷினில் ஊதினேன், 33. நோய் குறைந்துவிட்டதா, மெஷின் தப்பா? இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூச்சுக்குழாயில் ஒவ்வாமை சார்ந்த அழற்சி இருந்தால், வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு கூடும். (சிரிப்பு வாயு நைட்ரஸ் ஆக்சைடு, அது வேறு.) மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு நூறு கோடியில் எத்தனை பங்கு என்பதுதான் ‘ஃபீனோ’, நீங்கள் பார்த்த எண். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே இருந்தால் அந்த வகை அழற்சிக்கு வாய்ப்பு குறைவு, 50-க்கு மேலே போனால் அதிகம். உங்கள் இரண்டு எண்ணும் நடுவில் நிற்கின்றன.

ஒரே கருவியில் பார்த்திருந்தால், 50-க்குக் கீழே உள்ளவருக்கு 10-க்கு மேல் இறங்கினாலே மருந்து கேட்கிறது என்று எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு 13 இறங்கியிருக்கிறது. ஆனால் கருவி மாறிவிட்டதே!

பெரிய ஆய்வகக் கருவிகள் மூச்சை ஓசோனுடன் கலந்து, அப்போது பிறக்கும் ஒளியை அளக்கும். கிளினிக்கில் இருக்கும் நையாக்ஸ் வெரோ, நோபிரெத் போன்ற சின்னக் கருவிகளில் மின்வேதி சென்சார். அதற்கு ஆயுளும் உண்டு. ஒரே ஆள் அடுத்தடுத்து ஊதினாலும் கருவிக்குக் கருவி எண் வேறுபடுவதை ஒப்பீட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எனவே இரண்டில் எதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்ப்பதுதான் தப்பு.

ஊதும் விதமும் முக்கியம். நொடிக்கு 50 மில்லி என்ற சீரான வேகத்தில், பெரியவர்கள் சுமார் 10 நொடி ஊத வேண்டும். வேகம் கூடினால் எண் குறைந்துவிடும். ஊதுகுழலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததல்லவா? அது வேண்டுமென்றே வைத்தது. அந்த அழுத்தத்தில் அண்ணத்தின் பின்பகுதி மேலே எழும்பி மூக்கின் வழியை அடைக்கும். மூக்கிலும் சைனஸிலும் இந்த வாயு நுரையீரலில் இருப்பதைவிட எக்கச்சக்கம்; அது கலந்தால் கணக்கே கெட்டுவிடும்.

அப்புறம், ஜூனில் கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்டுவிட்டுப் போனீர்களா? எண் ஏறும். ஆகஸ்டில் முதலில் ஸ்பைரோமெட்ரி (பலமாக ஊதி நுரையீரலின் திறனைப் பார்க்கும் சோதனை) செய்துவிட்டு இதை ஊதச் சொன்னார்களா? கொஞ்ச நேரத்துக்கு எண் இறங்கும். இதையெல்லாம் ரிப்போர்ட்டில் யாரும் எழுதுவதில்லை.

அடுத்த முறை இரண்டில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே பாருங்கள். ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் போங்கள். கருவியின் பெயரை ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். அதுவரை, இரவில் இருமி எழுந்த நாட்களையும், அவசர இன்ஹேலர் எடுத்த நாட்களையும் காலண்டரில் குறித்துவையுங்கள். மருந்தைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்ய, 33-ஐவிட அந்தக் காலண்டர்தான் அதிகம் உதவும்.