மகள் கைக்குப் போனால் அச்சகம் நிலைக்குமா?

கேள்வி: தாத்தா தொடங்கிய அச்சகத்தை அப்பா நாற்பது ஆண்டுகளாக நடத்திவந்தார். இப்போது முடியவில்லை. நான் ஒரே மகள். “ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அச்சகம் எதற்கு? ஈய எழுத்தையும் பழைய கணக்கேடுகளையும் எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்கிறார்கள் உறவினர்கள். பல தலைமுறை நிலைத்த குடும்ப அச்சகம் உலகில் எங்காவது உண்டா ஐயா?

பதில்: உண்டு அம்மா. அது நிலைத்ததே மகளால்தான்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் 1555-இல் அச்சுத் தொழிலில் இறங்கியவர் கிறிஸ்தோஃப் பிளான்டின். பிரான்ஸிலிருந்து வந்த புத்தகக் கட்டுநர். இருட்டில் யாரோ ஆள் மாறித் தோளில் குத்திவிட, கட்டுவேலை செய்ய இயலாமல் அச்சுக்கு மாறினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிய கதை. ஒரே மகன் சிறு வயதிலேயே இறந்துவிட்டான். எஞ்சியவர்கள் மகள்கள்.

அவர்களில் மக்தலேனாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. எபிரேயம், கிரேக்கம், லத்தீன், அரமேயம், சிரியாக் என்று ஐந்து மொழிகளில் பிளான்டின் அச்சிட்ட பெரிய பைபிள் 1568 முதல் 1572 வரை உருவானது. அதன் மெய்ப்புகளை, அதாவது பிழை பார்க்க அடித்த முதல் படிகளை, அறிஞர் அரியாஸ் மொந்தானோவிடம் எடுத்துச் சென்று, மூல எழுத்திலேயே வாசித்துக் காட்டியவள் இந்தப் பெண். அப்போது அவளுக்கு வயது 13. தந்தையே 1570-இல் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. நானும் இளமையில் மெய்ப்புக்கு உரக்க வாசித்தவன். தெரிந்த ஒரே மொழியிலேயே ஒற்று விட்டுப் போகும். இரண்டு மணி நேரத்தில் தொண்டை கட்டும். ஐந்து மொழிகளை அந்தச் சிறுமி எப்படித்தான் வாசித்தாளோ!

1589-இல் பிளான்டின் இறந்ததும் ஆன்ட்வெர்ப் அச்சகம் இன்னொரு மகள் மார்ட்டினாவுக்கும், அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்த அவள் கணவர் யான் மொரேட்டுஸுக்கும் வந்தது. அவர்கள் மகன் பல்தசார் காலத்தில் ஓவியர் ரூபென்ஸ் அந்த வீட்டுப் புத்தகங்களுக்கு முகப்பு வரைந்தார். பின்னாளில் அந்தக் குடும்பத்து மருமகள், கணவரை இழந்த அன்னா மரியா 1696 முதல் 1714 வரை அச்சகத்தை நடத்தினார். 1768-க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடத்திய மரியா தெரேசியாவும் கணவரை இழந்தவரே. உங்கள் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சறுக்கலும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஸ்பெயின் ஆட்சிப் பகுதிகளுக்கு வழிபாட்டு நூல்கள் அச்சிடும் தனியுரிமையையே அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அது கைவிட்டுப் போனதும் வேலை குறைந்தது. வெளியே இயந்திர அச்சு வந்த பிறகும் உள்ளே பழைய மர அச்சுப்பொறிகளே நின்றன. 1876-இல் எட்வர்ட் மொரேட்டுஸ் வீட்டையும் அச்சகத்தையும் நகராட்சிக்கு விற்றார். மறு ஆண்டே அது அருங்காட்சியகமானது.

ஆனால் மூன்று நூற்றாண்டுகளாக அவர்கள் பழையவற்றை எல்லாம் எடைக்குப் போட்டுவிடவில்லை. 1600-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட இரண்டு அச்சுப்பொறிகள் இன்றும் அங்கே நிற்கின்றன. பிரெஞ்சு எழுத்து வெட்டுநர் கராமோன் வெட்டிய எழுத்து அச்சுகள் இருக்கின்றன. எனக்குப் பெரிதாகப்படுவது கணக்கேடுகள்தாம். எந்தத் தொழிலாளி எந்த வாரம் எவ்வளவு கூலி வாங்கினார், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு தாள் செலவானது என்பதெல்லாம் அவற்றில் இருப்பதால்தான், பெயரற்றுப் போயிருக்க வேண்டிய அச்சுக் கோப்பவர்கள் இன்று பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள்.

அச்சகத்தை நீங்கள் தொடர்வதா, வேண்டாமா என்பது உங்கள் வருமானத்தையும் விருப்பத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நான் வற்புறுத்த மாட்டேன். ஈயத்தைக்கூட, இடமில்லை என்றால், ஒரு கேஸ் (எழுத்துப் பெட்டி) மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். கணக்கேடுகளை மட்டும் கொடுக்காதீர்கள். ஆகப் பழைய ஏட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் யார், என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டு, தனி நோட்டில் பக்க எண்ணோடு எழுதுங்கள். ஏட்டின் மேல் எழுத வேண்டாம்.