பெரிய நாய் வளர்ப்போர் கேள்விகள்: அந்தக் கால்சியம் பாட்டிலை மூடி வையுங்கள்

கே: கிரேட் டேன் எத்தனை வருஷம் இருக்கும்?

ப: ஏறக்குறைய 8. பத்தைத் தொட்டால் பாக்கியம். உடம்பை மெலிவாக வைத்திருங்கள். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

கே: என் நாய் நொண்டுகிறது. என்ன மாத்திரை தரலாம்?

ப: வயது, எடை, எந்தக் கால், எத்தனை நாளாக என்று எதையுமே எழுதாமல் மாத்திரை பெயர் கேட்டால் எப்படிச் சொல்வது? பொதுவாக ஒன்று: நடுவயது தாண்டிய பெரிய நாய் ஒரே காலைத் தொடர்ந்து நொண்டினால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எலும்புப் புற்று இந்த இனங்களில் அதிகம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரொஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

கே: 3 மாதக் குட்டி. எலும்பு பலமாக வளர தினமும் கால்சியம் சிரப் கொடுக்கிறோம். அளவைக் கூட்டலாமா?

ப: கூட்டுவதா? இன்றோடு நிறுத்துங்கள். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, நானும் சொல்லாத மாதமில்லை. பெரிய நாய்க்குப் பெரிய எலும்பு, அதற்கு நிறைய கால்சியம் என்ற கணக்கே தப்பு. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். ஆறு மாதம் ஆகாத குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சிய கால்சியம், குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலையைக் கெடுக்கும். மூட்டுக்குள் குருத்தெலும்பு பிளந்து துண்டாகும், முன்னங்கால் வளையும். வளைந்த காலைப் பார்த்துப் பயந்துபோய் இன்னும் ஒரு மூடி கூடுதலாக ஊற்றியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அன்பால் செய்ததுதான், ஆனால் வலி குட்டிக்கு. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் அளவோடு இருக்கின்றன. அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். வீட்டில் சமைத்துப் போடுகிறீர்கள் என்றால் அது வேறு. வெறும் இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. அப்போதும் மருத்துவர் கணக்குப் போட்டுத் தரட்டும், நீங்களாக ஊற்ற வேண்டாம்.

கே: சாப்பிட்ட பிறகு வயிறு உப்பியிருக்கிறது. ஓங்கரிக்கிறது, வாந்தி வரவில்லை. ஓமத்தண்ணீர் தரலாமா?

ப: இது எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கும் விஷயமே அல்ல. இரைப்பை முறுக்கிக்கொண்டதற்கான அறிகுறி இதுதான். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நள்ளிரவானாலும் அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வாயில் எதையும் ஊற்றாமல். மற்றவர்களுக்கு: கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாம். உப்பசம் வரலாம், முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் தவிர்ந்துவிடும். கேட்டு வாங்குங்கள்.

கே: காலையில் கூடவே ஓட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா? வயது 7 மாதம்.

ப: ஒன்றரை வயது ஆகட்டும். அதுவரை நடை போதும்.

கே: கிரேட் டேன் குட்டி வாங்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

ப: குட்டியை அப்புறம் பாருங்கள். முதலில் தாய், தகப்பன் இரண்டுக்கும் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே, இதய ஸ்கேன். இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் இந்த இனத்தில் வயதான பிறகும் தலைகாட்டும். பழைய ஸ்கேனைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டியோடு கால்சியம் பாட்டிலும் கொடுத்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.