சக்தி என்ற சொல்

கேள்வி: வேற்றுக்கிரக உயிர் ஒன்று இன்னொரு கோளில் போய் இறங்கினால், அங்கே இருக்கிற பழக்கமில்லாத நோய்களைத் தாங்கும் எதிர்ப்பு சக்தி அதற்கு இருக்குமா?

பதில்: 'சக்தி' என்று எழுதிவிட்டீர்களே! இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய தகராறு. கட்டுரைகளில் 'எதிர்ப்பு சக்தி' என்று கண்டால் என் பேனா தானாக அடித்துவிடும். பாடப்புத்தகத்தில் 'நோய்த்தடைக்காப்பு' என்று இருக்கிறது. வாயில் நுழையச் சிரமம்தான், ஆனாலும் காப்பு என்பது சரியான சொல். சக்தி என்றதும் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதுபோல உடம்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பித்தான் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள்.

உடம்பு செய்கிற முதல் வேலை அடையாளம் காண்பது. மகரந்தத் தூளைப் பகையென்று எண்ணினால் ஓயாத தும்மல். தன் மூட்டையே அந்நியம் என்று எண்ணினால் முடக்குவாதம். இந்த நோயாளிகளிடம் சக்திக்கு என்ன குறைச்சல்? ஆளை மாற்றிப் பிடித்ததுதான் கோளாறு.

உங்கள் பயணிக்கு வருகிறேன். வைரஸுக்கு அது அநேகமாகப் பயப்பட வேண்டாம். வைரஸ் ஒரு செல்லின் மேலுள்ள ஏற்பி என்ற பூட்டில் சாவிபோலப் பொருந்தி உள்ளே நுழைய வேண்டும். பிறகு அந்தச் செல்லின் புரதப் பட்டறையான ரைபோசோம், வைரஸின் மரபுக் குறிப்பைப் படித்துப் புரதம் செய்து தர வேண்டும். புகையிலைச் செடியை வாட்டும் தேமல் வைரஸ் நமக்கு நோய் தருவதில்லை. இத்தனைக்கும் புகையிலையும் நாமும் ஒரே மரபுக் குறியீட்டில் எழுதப்பட்ட உறவினர்கள். வேறு குறியீட்டில் எழுதப்பட்ட உயிரிடம் அந்த வைரஸ் என்ன செய்துவிடும்? உடனே சிலர் 1520-இல் மெக்சிகோவை அழித்த பெரியம்மையைக் காட்டுவார்கள். பொருந்தாத உவமை. கொண்டுவந்தவரும் மனிதர், செத்தவரும் மனிதர். அந்த வைரஸுக்கு மனித செல் மனப்பாடம்.

பாக்டீரியா கதை வேறு. அதற்கு உறவு வேண்டியதில்லை, ஈரமும் இரையும் இருந்தால் போதும். 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களைக் கொன்ற லெஜியோனெல்லாவைப் பாருங்கள். நன்னீரில் அமீபாக்களுக்குள் வாழ்கிற கிருமி அது. தன்னை விழுங்கிய அமீபாவுக்குள் சாகாமல் பெருகும் வித்தையை எப்போதோ கற்றுக்கொண்டது. மனித நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் செல்லிடம் அதே வித்தையைக் காட்டியது. மனிதனைக் குறிவைத்து அது உருவாகவே இல்லை! மண்ணில் கிடக்கும் டெட்டனஸ் கிருமியும் அப்படித்தான். ஆக, உங்கள் பயணியின் உடம்பில் அங்குள்ள நுண்ணுயிருக்குத் தின்னத் தகுந்தது ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அந்தத் திருடனைக் காவல் கண்டுகொள்ளுமா என்பதுதான் கேள்வி.

கண்டுகொள்ளாமல் போகலாம் என்பதுதான் என் கவலை. 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் 'சயின்ஸ்' இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல இரு வடிவில் இருக்கலாம்; பூமியின் உயிர்கள் தம் புரதங்களை இடக்கை வடிவால் கட்டுகின்றன. அதன் கண்ணாடிப் பிம்பமாக, வலக்கை வடிவில் ஒரு பாக்டீரியாவைச் செய்தால் நம் காப்புக்கு அது கிருமி என்றே தெரியாமல் போகக்கூடும். எத்தனை டப்பா மாத்திரை விழுங்கியவரானாலும் இதே கதிதான். அப்படி ஒரு பாக்டீரியாவை இன்னும் யாரும் செய்யவில்லை. செய்யவே கூடாது என்று அவர்களோடு சேர்ந்து நானும் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதிலும் நம் லட்சணம் தெரிந்ததுதான். 1969-இல் நிலவிலிருந்து திரும்பியவர்களை 21 நாள் தனிமையில் வைத்தார்கள். ஆனால் விண்கலம் கடலில் மிதந்தபோதே கதவைத் திறந்தாகிவிட்டது. உள்ளே நிலவின் தூசி இருந்தது! நிலவில் உயிர் எதுவும் இல்லாததால் பிழைத்தோம். செவ்வாயின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரத் திட்டம் போடுகிறவர்கள் அந்தக் கதவை முதலில் யோசிக்கட்டும்.