கடைக்காரர் சொன்ன 18, போர்டில் அச்சிட்ட 15

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ஜனவரி 12ஆம் திகதி புறக்கோட்டையில் ஒரு கடையில் காற்றடைக்கும் பேடில் போர்ட் (தண்ணீரில் நின்றபடி துடுப்புப் போட்டுச் செல்லும் மிதவை) ஒன்றை 94,000 ரூபாவுக்கும், காற்று சோபா ஒன்றை 21,500 ரூபாவுக்கும், மின்பம்ப் ஒன்றை 18,000 ரூபாவுக்கும் வாங்கினேன். பில் இருக்கிறது. மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, பொல்கொட வாவியில் போர்டின் பின்பக்க ஓரம் ஏறக்குறைய ஒன்றரை அடி நீளத்துக்குப் பிரிந்து, பத்து வயது மகன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தபடியால் தப்பினான். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நாலு தரம் கடைக்கு அலைந்தேன். "காத்தைக் கூட அடிச்சிருக்கீங்க, வெயில்ல போட்டிருக்கீங்க" என்று ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தினார்கள். விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பலகையும் மாட்டியிருக்கிறார்கள். கடைப் பையன்தான் வட்ஸ்அப் குரல் பதிவில் 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அடிக்கலாம் என்று சொன்னான், அப்படித்தான் அடித்தோம். சோபாவும் நடுவில் வீங்கிப் போய்விட்டது. இப்போது, "போர்டைக் கொண்டு வந்து தாங்க, ஒட்டித் தாறோம், முதலாளி சீனாவிலிருந்து புதுவருஷம் முடிய வருவார்" என்கிறார்கள். பேஸ்புக்கில் கடையின் படத்தோடு "கள்ளர்கள்" என்று போட்டிருக்கிறேன். முழுப் பணத்தையும் மன உளைச்சலுக்கு நட்டஈட்டையும் எப்படி வாங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவும் வரி ஒன்றுதான் இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 18 வரை அடிக்கலாம் என்று கடைப் பையன் வட்ஸ்அப்பில் சொன்னது.

மற்றவற்றை ஒதுக்கிவிடுவோம். மகன் மூழ்கவில்லை, காயமில்லை, வைத்தியச் செலவில்லை. நடக்காத மரணத்துக்கு எந்த நீதிமன்றமும் நட்டஈடு தராது. கடையில் அவமானப்பட்டதும் நாலு தரம் அலைந்ததும் இந்தத் தொகைக்குள் ஒரு சதத்தையும் கூட்டாது. சுவரில் மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி விசாரிக்க அதிகாரசபைக்கு இடம் தருகிறது. விசாரணையின் பின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்புதல் ஆகியவற்றில் ஒன்றைக் கட்டளையிடலாம். ஆணியில் தொங்கும் பலகையால் அந்த அதிகாரத்தைத் தடுக்க முடியாது.

இனி அந்த 18. இந்த வகைப் போர்ட்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை சொல்லப்படும், உச்ச அளவு வால்வுக்குப் பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ அச்சிட்டிருக்கும். உங்கள் போர்டில் 15 என்று இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். இருந்தால், நீங்கள் அடித்தது வரம்புக்கு மேல். அதை மறைக்கப் பார்ப்பதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து.

முறைப்பாடு எழுதும்போது பலருக்கும் கை தானாகவே "அறிவுறுத்தலின்படியே காற்றடித்தோம்" என்று எழுதிவிடும். அந்த வரியை எழுதினால் கதை முடிந்தது. மின்பம்புகளில் பல, கடைசியாக வைத்த அளவை நினைவில் வைத்திருக்கும். விசாரணையில் கடைக்காரர் "பம்பைக் கொண்டு வாருங்கள்" என்பார். பொத்தானை அழுத்தியதும் திரையில் 18 தெரியும். அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள், குரல் பதிவையும் சேர்த்துத்தான். அதனால் முதல் பந்தியிலேயே நேராக எழுதுங்கள்: 18 அடித்தோம், விற்றவர் சொன்னபடியால் அடித்தோம், இதோ பதிவு. இப்படி எழுதினால் போர்டில் உற்பத்திக் குறை இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையிலிருந்து பெருமளவு இறங்கிவிடும். பண்டங்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டு பேர் நின்று செல்வதற்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் அவர்கள் 18 என்று சொன்னதும் ஒரே உரையாடலில் இருந்தால், அந்த நம்பிக்கைக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அந்தப் பதிவு எப்போது வந்தது என்பதையும் கவனியுங்கள். வாங்குவதற்கு முன்னர் வந்ததென்றால் அது விற்பனையின் பகுதி. இரண்டு கிழமை கழித்து வந்ததென்றால், "பையன் தெரியாமல் சொன்னான், அது கடையின் வார்த்தை இல்லை" என்று வாதிடுவார்கள். கடையின் வட்ஸ்அப் இலக்கமா பையனின் சொந்த இலக்கமா என்பதும் இங்கே முக்கியம். பில்லில் அச்சிட்ட இலக்கமும் அதுவும் ஒன்றென்றால் நல்லது.

உரையாடலை இன்றைக்கே பாதுகாருங்கள். தானாக அழியும் தெரிவு போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். முழு உரையாடலையும் ஊடகங்களோடு ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். குரல் பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதி வையுங்கள், "அண்ணே, 15 காணாது, 18 வரைக்கும் அடிங்க" என்றிருந்தால் அப்படியே, இலக்கணம் திருத்தாமல். அந்தத் தொலைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் பிறகு, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு செய்தியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வெட்டியெடுத்த ஒற்றை ஸ்கிரீன்ஷொட்டைக் கொடுத்தால், முன்னும் பின்னும் என்ன இருந்தது என்ற கேள்வி கட்டாயம் வரும்.

அடுத்தது போர்ட். "கொண்டு வந்து தாங்க, ஒட்டித் தாறோம்" என்பது கேட்க நல்லாக இருக்கும். கொடுத்தால் உங்கள் ஒரே சான்றுப் பொருள் எதிராளியின் கையில். ஒட்டிவிட்டால் ஓரம் எப்படிப் பிரிந்தது என்பதை இனி யாராலும் பார்க்க முடியாது. நீங்களாகவும் ஒட்ட வேண்டாம். வெளிச்சத்தில், பிரிந்த இடத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படமெடுங்கள். ஓரத்தில் பிரிந்த பட்டியின் உட்பக்கம், அது ஒட்டியிருந்த பரப்பு, இரண்டையும் கிட்டே வைத்து எடுங்கள். பசை ஒரு பக்கத்தில் மட்டும் நின்று, மறுபக்கம் வழவழவென்று இருந்தால், பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று வாதாடலாம். பசையோடு துணி இழையும் கிழிந்து வந்திருந்தால், பிடித்திருந்தது, அழுத்தம்தான் கிழித்தது என்பார்கள். மேற்பரப்பில் எங்காவது முதுகுபோல் புடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல் தாளையும் கீழ் தாளையும் இணைக்கும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே அறுந்தால் அப்படிப் புடைக்கும், அதைக் கூடுதல் அழுத்தத்துக்கு அடையாளமாகக் காட்டுவார்கள். புடைப்பு இல்லாவிட்டால் அதையும் படத்தில் காட்டுங்கள். பிறகு மணலைத் துணியால் தட்டிவிட்டு, பிரிந்த ஓரம் மடியாமல் தளர்வாகச் சுருட்டி நிழலில் வையுங்கள். தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம்.

கித்துல்கலையில் ராஃப்ட் (காற்றடைத்த படகு) ஒட்டும் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் காட்டி, பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடச் சொன்னால், கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு எதிராக அது ஒரு எடை. பார்க்கட்டும், கை வைக்க வேண்டாம்.

வெயில் வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம், அதில் கணக்கு இருக்கிறது. அடித்தபோது உள்ளே காற்று 28 பாகை என்று வைப்போம். கரையில் வெயிலில் கிடந்து 55 பாகைக்குப் போனால், 15 பிஎஸ்ஐ ஏறக்குறைய 17.7 ஆகும், 18 என்பது 21க்குக் கிட்டப் போய்விடும். எத்தனை மணிக்கு அடித்தீர்கள், எவ்வளவு நேரம் கரையில் கிடந்தது, பிரிந்தபோது தண்ணீரில் எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று இப்போதே எழுதி வையுங்கள். தண்ணீரில் இருந்த போர்ட் குளிர்ந்திருக்கும், அது உங்களுக்குச் சாதகம்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். அதிகாரசபைக்கான முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும். போர்ட் பிரிந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, வாங்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஜனவரி 12இல் வாங்கியது ஏப்ரல் 12இல் முடிகிறது. அது ஞாயிறு, அடுத்த இரண்டு நாளும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. ஆகவே ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றதற்கான முத்திரையோடு பிரதி கையில் இருக்க வேண்டும். "முதலாளி புதுவருஷம் முடிய வருவார்" என்பதன் பொருள் இப்போது விளங்குகிறதா? வேண்டுமென்றே சொன்னார்களோ இல்லையோ, பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்த 3 மாதம் நிற்காது. இந்த இடத்தில்தான் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். சண்டை போடுபவர்கள் தப்பிவிடுவார்கள், நல்ல வார்த்தையை நம்பிக் காத்திருப்பவர்களுக்குத்தான் நாள் போய்விடும்.

நாள் தவறினாலும் சிவில் உரிமை உடனே சாகாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடமும் எழுத்தில் இல்லாததற்கு 3 வருடமும் உண்டு. ஆனால் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை, அங்கே இணக்கம் வராவிட்டால் சான்றிதழ், அதன் பிறகுதான் நீதிமன்றம். 94,000 ரூபாவுக்காக அந்த வழியில் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சட்டத்தரணிக் கட்டணமும் வேலைநாள் இழப்புமே போர்டின் விலையைத் தின்றுவிடும்.

சோபாவை விட்டுவிடுங்கள். அதன் உள்ளே இருக்கும் தடுப்புப் பட்டிகள்தான் இருக்கையைத் தட்டையாக வைத்திருக்கின்றன. அவை கழன்றால் நடுவில் பலூன்போல் வீங்கும். போர்டுக்கு அடிக்கும் பம்பால் இறுக்கமாக அடித்தால் அதுதான் நடக்கும், ஏனென்றால் சோபாவுக்குத் தேவை 1 பிஎஸ்ஐகூட இல்லை. அதற்கு யாரும் உங்களுக்கு 18 சொல்லவில்லை. முறைப்பாட்டில் அதையும் சேர்த்தால், எதற்கும் காற்றைக் கூட அடிக்கும் ஆள் என்று உங்களை வரைந்துவிடுவார்கள். பம்ப் வேலை செய்கிறது, அதிலும் கோரிக்கை இல்லை.

பேஸ்புக் பதிவை, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இன்றே அகற்றுங்கள். "போர்ட் பிரிந்தது, பணம் தரவில்லை" என்பது நடந்த சம்பவம். "கள்ளர்கள்" என்பது அவதூறு வழக்குக்கு நீங்களே எழுதிக் கொடுத்த வரி. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது உண்மை, சிவில் வழக்கு அப்படியே இருக்கிறது. 94,000 கேட்கப் போனவருக்கு இலட்சக்கணக்கில் கோரிக்கைக் கடிதம் வந்தால், அதற்குப் பிறகு பேரம் பேசும் இடத்தில் அவர் இல்லை.

இனி நேரடியாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். போர்டிலேயே 15 என்று அச்சிட்டிருந்தால், வாசிக்கத் தெரிந்த நீங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை என்று யாரும் கேட்பார்கள், அதற்கு முழுமையான பதில் உங்களிடம் இல்லை. குரல் பதிவு இருப்பதால் கடைக்காரரும் நிம்மதியாக இல்லை. முறைப்பாட்டைக் கொடுத்த அதே நாளில், பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: வாங்கிய திகதி, பில் இலக்கம், பதிவில் சொன்ன வார்த்தை, போர்டின் 94,000 ரூபா, பதில் தர 7 நாள். கோபம் ஒரு வரியும் வேண்டாம். மாற்று போர்ட் தருவதாகச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். பணமென்றால் 60,000க்கு மேல் வந்தால் நான் கையொப்பமிடச் சொல்வேன்.

கையொப்பமிடும் தாளை மட்டும் வாசிக்காமல் தொடாதீர்கள். "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று இருந்தால், நாளைக்கு மாற்று போர்டும் பிரிந்தால் அதையே காட்டுவார்கள். "ஜனவரி 12ஆம் திகதி வாங்கிய போர்ட் தொடர்பாக மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். மாற்று போர்டுக்குப் புதுத் திகதியோடு புதுப் பில் கேளுங்கள், பழைய பில்லின் பின்னால் "மாற்றிக் கொடுக்கப்பட்டது" என்று கிறுக்கித் தந்தால் எந்த நாளிலிருந்து 3 மாதம் என்று திரும்பவும் தர்க்கம் வரும். வாங்கும்போதே எத்தனை பிஎஸ்ஐ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காசோலை தந்தால், அது வங்கியில் மாறிய பின்தான் பழைய போர்டைக் கையளிக்க வேண்டும், அதற்கும் ஒரு பற்றுச்சீட்டு எடுத்துக்கொண்டு. முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதும் அதே நாளில், அதற்கு முன்னர் இல்லை.