வேஷக்கொடிக் கப்பல்கள்: மேசைமேல் விண்போரில் ஏமாற்று – கேள்வி பதில்

விண்கலப் போரைக் காய்களும் பகடையும் வைத்து மேசைமேல் ஆடுகிற தமிழர்கள் மொரீஷியஸில் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். “ஏமாற்றை நடுவில் வைத்து ஒரு சினாரியோ (ஓர் ஆட்டத்துக்கான கதையும் அமைப்பும்) கட்டுவது எப்படி, கேளுங்கள்” என்று சொன்னதும் வந்த கேள்விகளைப் பார்த்தால் கணக்குத் தப்பு. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

ரோஸ்ஹில்: அண்ணே, விண்வெளியில் ஒளியவே முடியாது என்கிறார்களே. அப்புறம் ஏமாற்றுக்கு எங்கே இடம்?

ஒளிய முடியாதுதான் தம்பி. வெறும் வெளியின் வெப்பம் 2.7 கெல்வின். ஆள் குடியிருக்கிற கலத்தின் உள்ளே ஏறக்குறைய 290 கெல்வின் வேண்டும். அந்தச் சூடு எப்படியும் வெளியே போயாக வேண்டும். அமாவாசை இரவில் வயலுக்கு நடுவே அரிக்கேன் விளக்கு பிடித்து நடக்கிற மாதிரி, பார்க்கக் கருவி இருக்கிறவன் பார்த்துவிடுவான்.

ஆனால் விளக்கு தெரிந்தால் பிடித்திருப்பவன் யாரென்று தெரிந்துவிடுமா? அங்கேதான் நம் ஆட்டம். 1914 அக்டோபர் 28 விடியற்காலை பினாங்குத் துறைமுகத்துக்குள் ஜெர்மன் கப்பல் எம்டன் நுழைந்தபோது அது யார் கண்ணிலிருந்தும் மறையவில்லை. மூன்று புகைபோக்கி உள்ள கப்பலில் பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பார்த்தவர்கள் பிரிட்டிஷ் கப்பல் என்று நினைத்தார்கள். சொந்தக் கொடியை ஏற்றிவிட்டு ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் சென்னையில் குண்டு போட்டிருந்தது. “அவன் சரியான எம்டன்” என்று நாம் சொல்வதெல்லாம் அதன் மிச்சம்.

ஆகவே “இருக்கிறதா இல்லையா” என்பதை மறைக்கப் பார்க்காதீர்கள். யார், வயிற்றில் என்ன, எங்கே போகிறது, இந்த மூன்றில் பொய் சொல்லுங்கள். பொய்க்கு ஒரு தையல் தெரியட்டும், கூர்ந்து பார்க்கிறவனுக்குப் பிடிபடுகிற ஓர் இடம். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுத் தந்தி நிலையத்து ஆட்கள் அந்த நான்காவது புகைபோக்கி போலி என்று கண்டுகொண்டார்கள், செய்தி போய்விட்டது, அன்றைக்கே எம்டன் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் மாட்டியது.

விண்கலத்துக்கு நான் வைக்கிற தையல், எடை. “காலிச் சரக்குக் கப்பல்” என்று அறிவித்து வருகிறது. எஞ்சின் முழு நெருப்பில் எரிந்தும் வேகம் ஏற மாட்டேன் என்கிறது. அப்படியானால் வயிற்றில் ஏதோ இருக்கிறது. ஆட்டத்தில் இதற்குத் தனி விதிப் புத்தகம் வேண்டாம். வேஷத்துக்கு ஓர் உச்ச வேகம், உண்மைக் கலத்துக்கு ஓர் உச்ச வேகம். எதிராளி அதன் வேகத்தை எண்ணிக்கொண்டே வந்தால் பிடித்துவிடலாம். எஞ்சினை அணைத்து மிதந்து வந்தால் மட்டும் பிடிக்க முடியாது. காற்றில்லாத இடத்தில் பலூனும் இரும்புக்குண்டும் ஒரே வேகத்தில்தான் மிதக்கும்.

மாயெபூர், பள்ளி ஆசிரியர்: எங்கள் ஊர்க் கடற்போரை விண்கலக் கதையாக்க முடியுமா?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். ஆசிரியருக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1810 ஆகஸ்டில், மொரீஷியஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, பிரிட்டிஷார் கிராண்ட் போர்ட் விரிகுடா வாயிலில் உள்ள இல் த லா பாஸ் கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்ததை வெளியே காட்டாமல் பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டார்கள், கையில் சிக்கிய பிரெஞ்சுச் சமிக்ஞைகளையும் பயன்படுத்தினார்கள். 20ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி துப்பெரேயின் கப்பல்கள் நம்பி உள்ளே வந்தன. சூடு தொடங்கியபோது கோட்டையில் இறக்கிய கொடி நெருப்பில் விழுந்து, பக்கத்திலிருந்த வெடிமருந்து வெடித்தது. அந்தக் குழப்பத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் உள்ளே புகுந்துவிட்டன. அடுத்து ஏமாற்றுவது அவர்கள் முறை. கால்வாய் அடையாள மிதவைகளை இடம் மாற்றி வைத்தார்கள். 23ஆம் தேதி தாக்க வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் சிரியஸும் மஜிசியனும் திட்டில் ஏறி மாட்டின. கடைசியில் பிரிட்டிஷ் தரப்பு தன் நான்கு ஃப்ரிகேட்டுகளையும் (வேகமான போர்க்கப்பல்கள்) இழந்தது.

இதில் இரண்டு பொய். முதல் பொய் வேலை செய்தது, ஆனால் சொன்னவர்களுக்கு அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. சினாரியோ எழுதுகிறவர்கள் பலர் வேஷம் கலைகிற நிமிடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆட்டமே அதற்கப்புறம்தான்.

நான் அமைத்தது இப்படி. 120 சென்டிமீட்டர் சதுர மேசை. ஒரு மூலையை வளைத்துச் சிறுகோள் திட்டு, நம் பவளப்பாறை மாதிரி. நடுவே ஓர் இடைவெளி, அதன் வாயில் ஒரு நிலையம். திரும்பி வருகிற அணிக்கு இரண்டு பெரிய கலம், ஒரு சின்னது, பிடித்து வந்த ஒரு சரக்குக் கலம். நிலையத்துப் பக்கம் ஒரே ஒரு போர்க்கலம்; மீதி மூன்று நான்காம் சுற்றில் வெளியிலிருந்து வரும்.

முதல் தடவை ஆடியபோது சப்பென்று போய்விட்டது. வருகிறவனுக்கு நிலையம் பொறி என்று முன்பே தெரியும், கதையே அதுதானே! வாயிலுக்கு வெளியே நின்று சுட்டான். பொய் எடுபட வேண்டுமானால் உண்மையும் அதே அளவு நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இப்போது நிலையத்துக்காரர் மூன்று சீட்டில் ஒன்றை எடுத்துத் தான் மட்டும் பார்க்கிறார்: நிலையம் இன்னும் நண்பருடையது, பிடிபட்டுவிட்டது, கைவிடப்பட்டு வெடிவைத்திருக்கிறது. முதல் சீட்டு வந்தால் அவர் கலமும் நண்பன்தான், நான்காம் சுற்றில் வருகிறவை மட்டுமே எதிரி. வெளியே நின்று சுட்டால் சொந்த ஆட்களையே சுட்டதாகலாம். இந்தப் பயம் வந்ததும் மேசை மாறிவிட்டது.

வேஷத்திலிருக்கும் கலம் சுடுவதற்கு முன் சொந்தக் கொடியைக் காட்ட வேண்டும். கடற்போர் மரபும் அதுவே. காட்டுகிற சுற்றில் முதல் சூடு அதற்கு. ஆனால் வேஷத்தில் இருந்தவரை கேடயம் ஏற்றியிருக்க முடியாது, ஆகவே திருப்பிச் சுட்டால் முழு அடியும் விழும்.

மிதவைகளுக்கு: இடைவெளிக்குள் ஆறு அடையாளக் காய்கள். உள்ளே புகுந்தவர் எவை இரண்டு நகர்த்தப்பட்டவை என்று சீட்டில் எழுதி மடித்து வைக்கிறார். துரத்துகிறவர் முழு வேகத்தில் அந்த இரண்டில் ஒன்றைத் தாண்டினால் இரண்டு சுற்று முடக்கம். பாதி வேகத்தில் போனால் முன்கூட்டியே தெரியும், ஆனால் நேரம் போய்விடும். அவசரப்படுத்துவதற்கு எட்டுச் சுற்றில் ஆட்டம் முடிகிறது என்ற கெடுவே போதும்.

பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். அந்த 1810 போரில் காயம்பட்ட இரு தரப்புத் தலைவர்களுக்கும் ஒரே வீட்டில்தான் வைத்தியம் நடந்தது, அந்த வீடுதான் இப்போது அருங்காட்சியகம்.

போர்ட் லூயிஸ்: டம்மிக் காய் எத்தனை வைக்கலாம்?

முதலில் எதிராளிக்கு எத்தனை ஸ்கேன் (ஒரு காய் உண்மைக் கலமா, வெறும் டம்மியா என்று சோதிக்கிற வாய்ப்பு) என்று முடிவு செய்யுங்கள். ஆறு காயில் ஒன்றுதான் உண்மை, மூன்று ஸ்கேன் என்றால் கண்டுபிடிக்க வாய்ப்பு சரிபாதி. எட்டுக் காயில் மூன்று உண்மை என்றால் மூன்று ஸ்கேனில் ஒன்றாவது சிக்க வாய்ப்பு 82 விழுக்காடு. அது ஏமாற்று இல்லை, தாமதம். எனக்குப் பிடித்தது சரிபாதிக்குக் கொஞ்சம் மேலே. ஸ்கேன் இலவசமாக இருக்கவே கூடாது. ஸ்கேன் செய்கிற கலம் அந்தச் சுற்றில் சுடாது, அது போதும்.

பம்ப்ளமூஸ்: காய்களை என்னென்னவாகச் செய்கிறீர்கள்?

சோடா மூடி, அட்டை. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். உண்மைக் காய்க்கு அடியில் காந்தத்துக்காக ஓர் இரும்பு வாஷர் ஒட்டியிருந்தேன், டம்மிக்கு வெறும் அட்டை. என் அக்கா மகள், வயது பதினொன்று, காயையே பார்க்கவில்லை. நான் நகர்த்தி வைக்கும்போது ‘டொக்’ என்றால் உண்மை, சத்தமில்லை என்றால் டம்மி. மூன்றாம் சுற்றில் என் அணியில் ஒன்றுகூட மிச்சமில்லை. “மாமா, உங்க கப்பல் பேசுது” என்றாள். இப்போது எல்லாக் காய்க்கும் வாஷர், மேசைக்குக் கறுப்புத் துணி.

அடியில் எண் எழுதுவதற்குத் தமிழ் எண்கள் நல்லது, நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இருக்கிறவைதான். வட்டக் காயில் 6 தலைகீழானால் 9 ஆகிவிடும், ௬-க்கும் ௯-க்கும் அந்தத் தொல்லை இல்லை.

கத்ர்போர்ன், இரண்டு பையன்களின் அம்மா: பெரியவன் “அந்தக் கப்பல்ல ஏவுகணையே இல்ல”ன்னு சின்னவன்கிட்ட சொல்லி ஏமாத்திட்டான். ஒரே அழுகை. இது ஆட்டமா, அழுகுணி ஆட்டமா?

அக்கா, கப்பல் தலைவனாகப் பேசினானா, ஆட்டக்காரனாகப் பேசினானா என்று கேளுங்கள். தலைவன் எதிரியிடம் என்ன புளுகும் விடலாம். ஆட்டக்காரன் தூரம், பகடை, விதி, ஸ்கேன் முடிவு, இந்த நான்கிலும் உண்மையே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பழைய தொப்பி ஒன்று இருக்கிறது. தலையில் தொப்பி இருந்தால் பொய் அனுமதி, கழற்றினால் கிடையாது. சின்னவனுக்குத் தொப்பி ரொம்பப் பிடித்துப்போகும், பாருங்கள்.

வாக்குவா: நடுவர் இல்லாமல் இரண்டே பேர் ஆட முடியுமா?

முடியும். சீட்டில் எழுதி, கவரில் போட்டு, மேசை ஓரத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். பிறகு மாற்றி எழுதியதாகச் சண்டை வராது.

ரோஸ்ஹில்: இரு பக்கமும் சம பலமாக இருக்க வேண்டாமா?

வேண்டாம். ஏமாற்றுகிற பக்கம் பலவீனமாக இருந்தால்தான் ஏமாற்ற மனசு வரும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலியும் பதினைந்து ஆடும் சமமா என்ன? இரண்டு தடவை ஆடி, பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரியூனியன், சேன் அந்த்ரே: எதிராளி எதையும் சோதிக்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் சுடுகிறான். என்ன செய்ய?

எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்! காய்களில் ஒன்றைப் பயணிகள் கலமாக்குங்கள். அதைச் சுட்டால் அவர் தோற்றார், மேலே ஆடத் தேவையில்லை. அடுத்த வாரம் வந்து, முதல் சுற்றிலேயே ஸ்கேன் எத்தனை என்று கேட்பார்.

மாயெபூர், அதே ஆசிரியர்: ஒரு முறை ஆடினால் ரகசியம் போய்விடுமே?

மூன்று சீட்டு இருக்கிறதே ஐயா, போகாது. ஆட்டம் முடிந்ததும் எல்லாக் காயையும் திருப்பிக் காட்டுங்கள், கவரையும் பிரித்துப் படியுங்கள். எங்கள் மேசையில் ஆட்டத்துக்கு இரண்டரை மணி, இதற்கு அரை மணி. “அது டம்மியா? அதுக்குப் பயந்தா நான் அந்தப் பக்கமே போகல?” என்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது மேசையை ஒழிக்க ஆரம்பிக்காதீர்கள்.