டைட்டானியம் பல்வேருக்குச் சொரசொரப்பு எதற்கு? – கேள்வி பதில்

கே: போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் இறக்கும் இம்ப்ளான்ட் ஒரு ஸ்க்ரூதானே? வழவழப்பாக இருந்தால் என்ன?

ப: இறக்குவது பெரிய காரியமில்லை. இறக்கியபின் எலும்பு வந்து பிடிக்க வேண்டும், பாடெல்லாம் அங்கேதான். எலும்பில் போட்ட துளைக்குள் முதலில் ஊறுவது ரத்தம். நீரை இழுக்கும் பரப்புள்ள இம்ப்ளான்டின் நுனி பட்டதுமே ரத்தம் மரை மரையாக மேலே ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அந்த ரத்தம் உறைந்து ஃபைப்ரின் என்ற புரத நார்களின் வலையாகும். எலும்பு கட்டும் செல்கள் அந்த வலையைப் பற்றி இழுத்துக்கொண்டே உலோகத்தை நோக்கி வரும். வழவழப்பில் வலை கழன்றுவிடும். துளைச் சுவரிலிருந்து எலும்பு மெல்ல வளர்ந்து வந்து சேர வேண்டும். சொரசொரப்பில் வலை நிற்கும். செல்கள் உலோகத்தின் மேலேயே எலும்பு போடத் தொடங்கும்.

டைட்டானியம் இம்ப்ளான்டைத் தொடங்கிவைத்த மருத்துவர் பிரானமார்க் 1965-இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு வைத்தது வெறுமனே கடைந்தெடுத்த டைட்டானியம். அந்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருந்தார்கள். இன்று துகள் வீசி அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில், எலும்பு கெட்டியாக இருந்தால் 6 முதல் 8 வாரத்தில் கிரவுன், அதாவது மேலே தெரியும் செயற்கைப் பல், வைக்கிறோம். புகைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கே: இன்னும் சொரசொரப்பாக்கினால் இன்னும் சீக்கிரம் ஆறுமா?

ப: ஆறாது. மேடுபள்ளம் சராசரி 1 முதல் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) போதும். அதற்கு மேல் போனால் கிருமிக்குத்தான் வசதி.

கே: நானும் பல் மருத்துவர்தான். கிருமிக்கு வசதி என்று நீங்களே சொல்கிறீர்கள். பழைய வழவழப்பே மேல் இல்லையா?

ப: பாதி ஒப்புக்கொள்கிறேன். நாய்களில் இம்ப்ளான்டைச் சுற்றி நூல் கட்டி அழற்சி உண்டாக்கி, பிறகு நூலை எடுத்த சோதனைகளில், சொரசொரப்பான இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு அதிகம் கரைந்தது உண்மை. ஆனால் எலும்புக்குள் புதைந்த மரையைக் கிருமி தொடுவதில்லை, வெளியே தெரியும் மரையைத்தான் தொடுகிறது.

கே: வயதாக ஆக மரை வெளியே தெரியத்தானே செய்யும், சார்?

ப: சிலருக்குத் தெரியும். அதனால்தான் இம்ப்ளான்டின் கழுத்துப் பகுதி வழவழப்பாகவும் கீழே சொரசொரப்பாகவும் உள்ள வகையை நான் விரும்புகிறேன். முழுக்க வழவழப்பு என்றால் மேல்தாடையின் பின்பக்க மெத்தென்ற எலும்பில் தோல்வி கூடும். அந்த நோயாளிக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஈறைச் சுத்தமாக வைக்கச் சொல்லுங்கள், சிகரெட்டை விடச் சொல்லுங்கள். வழவழப்பைவிட அது அதிகம் காக்கும்.

கே: எந்தக் கம்பெனி நல்லது?

ப: கம்பெனி பெயர் சொல்வதில்லை. உங்கள் எலும்பைப் பார்த்த மருத்துவரைக் கேளுங்கள்.

கே: ஸ்விஸ் நல்லதா, கொரியா நல்லதா?

ப: மேலே பார்க்கவும்.

கே: விலை கூடினால் சீக்கிரம் ஒட்டுமா?

ப: இதுவும் அதே கேள்விதான். மேலே பார்க்கவும்.

கே: வைத்து 3 வாரம். அசையவே இல்லை. முறுக்கு கடிக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். முதல் நாள் இறுக்கிப் பிடித்திருந்த பழைய எலும்பு இப்போது கரைந்துகொண்டிருக்கும். புதியது இன்னும் கெட்டிப்படவில்லை. பிடிப்பு மிகக் குறையும் வாரங்கள் இவைதான். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பக்கம் இட்லி, குழைந்த சாதம் மட்டும். புகைப்பீர்களா என்று எழுதவில்லையே. புகைப்பவரென்றால் இன்றே நிறுத்துங்கள்.